ஒருத்தி சொல்ல, எல்லோரும் இருமுறை

தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறந்த திங்கட்கிழமை. மைசூர்த் தெருக்களில் அலங்கார வளைவுகளை இன்னும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவுப் பெண்கள் பொருட்காட்சியையும் யானை ஊர்வலத்தையும் பற்றிப் பேசி முடிக்கவில்லை. அதற்குள் கன்னடக்காரரான தலைமையாசிரியை பசம்மா உள்ளே வந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஏதோ விசேஷம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"கேளுங்க மக்களே. உங்க லக்ஷ்மம்மா டீச்சருக்குப் பெண் மகு பொறந்திருக்கு. தாயும் மகுவும் சௌக்கியம்."

வகுப்பு கைதட்டியது. பசம்மாவும் சிரித்தார். கண்ணாடியை மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

"அவங்க சங்கராந்தி ஆனமேலதான் வருவாங்க. வேற தமிழ் டீச்சர் சிக்கலை, தேடியும் கிடைக்கலை. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வராங்க. நீங்க பாடத்தைப் புரிஞ்சு படிக்கிறீங்க, நீங்களே நடத்திக்குவீங்கன்னு அவங்களுக்கு நம்பிக்கை வந்தா இந்த க்ளாஸ் இப்படியே இருக்கும். இல்லாட்டி எல்லாரும் கன்னட செக்ஷனுக்குப் போகணும். நான் என்ன மாடலி, என்ன செய்யட்டும்?"

குடியரசு பிறந்து மூன்றாவது வருஷம் அது. அந்த வகுப்பில் முக்கால்வாசிப் பெண்கள் மைசூரிலேயே பிறந்தவர்கள். தமிழைவிடக் கன்னடம் அவர்கள் நாவில் சுலபமாகப் புரளும். கன்னடப் பிரிவுக்கு மாற்றினாலும் எட்டாம் வகுப்பிலேயே உட்காரலாம். ஒருத்திக்கு மட்டும்தான் அது முடியாது. அவள் பஞ்சவர்ணம். கொள்ளேகால் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன வருஷம் வந்தவள். தகப்பன் அய்யாசாமி புதிதாக எழும்பும் கட்டிடங்களில் கொத்து வேலை செய்கிறவர். பஞ்சவர்ணத்துக்குக் கன்னட எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

"டீச்சர், அப்ப என்னைய எந்த வகுப்புல போடுவீங்க?" என்று அவளே எழுந்து கேட்டாள்.

பசம்மா கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். "ஐந்தாவதுல, மகளே. எழுத்து கத்துக்கணுமே."

பஞ்சவர்ணம் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ஸரஸா அவள் கையைப் பிடித்தாள். சிமெண்டுத் தூள் படிந்த அப்பாவின் சட்டைகளைத் துவைத்துத் துவைத்துச் சொரசொரத்துப்போன கை.

"எங்கத்தை இதுக்குத்தான் காத்துட்டிருக்குது," என்றாள் பஞ்சவர்ணம் மெல்ல. "அஞ்சாவதுன்னு தெரிஞ்சா, சின்னப் புள்ளைங்களோட என்ன படிப்பு, ஊதுவத்தி உருட்டப் போன்னு சொல்லிரும். அப்பனும் சரின்னுருவாரு."

"அஞ்சாவதுமில்லை, ஊதுவத்தியுமில்லை," என்றாள் ஸரஸா. "நோடு கணே, இங்க பாரு, இன்னும் நாள் இருக்கு. இந்த வருஷம் படிச்சது அத்தனையும் திருப்பிடலாம். உவமை, உருவகம், எதுகை, மோனை, மையக் கருத்து, எல்லாம். நான் நடத்தறேன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. வகுப்புத் தலைவி அவள்தான். கேட்டதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லுவாள். ஆனால் அவளிடம் ஒரு குறை இருந்தது. அது யாருக்கும் தெரியாது.

ஸரஸாவின் குடும்பம் மேலுகோட்டையிலிருந்து வந்தது. தலைமுறை தலைமுறையாக வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், தமிழில்தான் பெருமாளைச் சேவிப்பார்கள். ஆனால் வீட்டிலிருந்த பாராயணப் புத்தகங்கள் எல்லாம் கன்னட எழுத்தில் அச்சிட்டவை. ஏழாவது வரை அவள் கன்னடப் பள்ளியில் படித்தாள். தமிழ் எழுத்து இந்த வருஷம்தான் கண்ணுக்கு அறிமுகம். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் அவளால் படிக்க முடியும். லக்ஷ்மம்மா டீச்சர் பாடத்தை முதலில் ஒரு முறை உரக்கப் படிப்பார். பிறகு இரண்டு மூன்று பெண்கள் படிப்பார்கள். ஸரஸாவின் முறை வருவதற்குள் பாடம் முழுவதும் அவள் மனத்தில் பதிந்துவிடும். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மனத்திலிருந்தே கடகடவென்று சொல்லிவிடுவாள். 'மணி மாதிரி வாசிக்கிறாள்' என்று டீச்சர் புகழும்போதெல்லாம் அவள் அவசரமாகப் புத்தகத்தை மூடிவிடுவாள்.

பசம்மாவின் அனுமதியோடு அன்று பிற்பகலே திருப்புதல் தொடங்கியது.

"எங்காத்துலெ அப்பா சந்தை சொல்லிக் குடுப்பார். அந்த முறையிலேயே பண்ணலாம்," என்றாள் ஸரஸா.

"சந்தையா? கொள்ளேகால் சந்தையாட்டமா? ஆடு மாடெல்லாம் வருமா?" என்றாள் பஞ்சவர்ணம்.

"நீ ஒருத்தி வந்திருக்கியே, போதாதா?" என்றாள் சொர்ணலதா. ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவின் பெண். வாய் சும்மா இருக்காது.

"ரெண்டு பேரும் ஸும்னிரிங்கோ! சந்தைன்னா, ஒருத்தர் ஒரு தடவை சொல்லணும், மத்தவா எல்லாரும் அதையே ரெண்டு தடவை சொல்லணும். அவ்வளவுதான். எத்தனை பெரிய பாட்டானாலும் ஏறிடும்." ஸரஸா நிமிர்ந்து நின்று குரலை உயர்த்தினாள். "போல என்று ஒப்பிட்டால் உவமை!"

"போல என்று ஒப்பிட்டால் உவமை! போல என்று ஒப்பிட்டால் உவமை!"

"அதுவே இது என்றால் உருவகம்!"

இருபது தொண்டைகள் அதை இரண்டு முறை முழங்கின. ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா பறந்தது. பெண்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை என்று குரல்கள் ஏறிக்கொண்டே போயின. வராந்தாவில் போன பசம்மா எட்டிப் பார்த்து, "மெல்லம்மா, மெல்ல!" என்றார்.

"மெல்லம்மா, மெல்ல! மெல்லம்மா, மெல்ல!" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

சொல்லிவிட்டுத்தான் என்ன செய்தோம் என்று புரிந்தது. பசம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேகமாக அப்பால் போய்விட்டார். தோள் குலுங்கியது பின்னாலிருந்து தெரிந்தது.

மறுநாள் எடுத்துக்காட்டுகள் தேடும் வேலை. பஞ்சவர்ணத்துக்கு உருவகம் மட்டும் பிடிபடவில்லை.

"இங்கே பாரு," என்றாள் ஸரஸா. "சொர்ணலதா வாய் ரயில் மாதிரின்னா அது உவமை. சொர்ணலதா வாயே ஒரு ரயில்னா அது உருவகம்."

"அட, இவ்வளவுதானா? அப்ப எங்கத்தை மொளகாய். உருவகம்! எங்கத்தை கோவம் மொளகாயாட்டம். உவமை! இத மொதல்லயே சொல்லியிருந்தா ஆடியிலயே முடிச்சிருப்பனே!"

சொர்ணலதா சும்மா இருக்கவில்லை. பள்ளி வாசலில் மணியடிக்கும் தொட்டையனைப் பற்றி ஒரு பாட்டே கட்டிவிட்டாள்.

வெற்றிலை விற்கிற தொட்டையன் தாத்தா
சுற்றிலும் பார்த்துச் சுண்ணாம்பு தொட்டார்.

"தொட்டையன் எங்கடீ வெற்றிலை விக்கறார்? மணியில்ல அடிக்கறார்!" என்றாள் ஸரஸா.

"எதுகைக்காக விக்கறார். வெற்றிலை, சுற்றிலும்! மோனையும் இருக்கு பாரு. வெற்றிலை விற்கிற, சுற்றிலும் சுண்ணாம்பு! ஒரு பாட்டுல ரெண்டும்!"

அந்த இரண்டு வரிகளும் இடைவேளைக்குள் பள்ளி முழுவதும் பரவிவிட்டன. தொட்டையன் கோபித்துக்கொள்ளவில்லை. தன் பெயரில் பாட்டு வந்துவிட்டது என்று அன்று மணியை வழக்கத்தைவிடச் சற்று நீளமாகவே அடித்தார்.

ஒரே ஓர் இடத்தில்தான் வகுப்பு தடுக்கியது. விடுப்பில் போகுமுன் லக்ஷ்மம்மா டீச்சர் கடைசியாக நடத்தியது 'குறிப்பு'. "ஆசிரியர் நேரே சொல்லாமல், சொன்னவற்றின் மூலம் உணர்த்துவது குறிப்பு" என்று ஸரஸா சொல்ல, வகுப்பு இரண்டு முறை சொன்னது. எடுத்துக்காட்டு கேட்டால் மட்டும் யாரிடமும் இல்லை. ஸரஸாவிடமும் இல்லை. "கேட்டா இலக்கணத்தைச் சொல்லிடலாம்," என்று அவள் அதைக் கடந்து போனாள்.

வியாழக்கிழமை மாலை வீட்டில் விளக்கேற்றியதும் ஸரஸா மேலுகோட்டைப் பெருமாள் செல்வப்பிள்ளையின் படத்துக்கு முன் உட்கார்ந்தாள். பஞ்சவர்ணத்துக்காகத்தான் வேண்டிக்கொள்ள நினைத்தாள். ஆனால், 'புதிதாக எதையும் என்னை வாசிக்கச் சொல்லக் கூடாது' என்ற வேண்டுதல்தான் முந்திக்கொண்டு வந்தது. தெய்வத்திடம் நாம் கேட்பதை எல்லாம் தெய்வம் கொடுத்துவிடுவதில்லை. சில சமயம் கேட்காததைக் கொடுக்கிறது. அது நமக்கு வேண்டியதாகவும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் கமலம்மாள் உயரமானவர். வெள்ளைக் கதர்ப் புடவை, அதிகம் பேசாதவர். பசம்மா பின்னால் வர, வகுப்புக்குள் வந்து நாற்காலியில் அமர்ந்தார். உவமை கேட்டார். பதில் வந்தது. எதுகை கேட்டார். சொர்ணலதா தொட்டையன் பாட்டையே சொல்லிவிட்டாள். கமலம்மாளின் உதட்டோரம் லேசாக அசைந்தது. பஞ்சவர்ணம் அத்தையும் மிளகாயுமாக உருவகத்தை விளக்கினாள். எல்லாம் நன்றாகப் போயிற்று. பெண்கள் பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

கமலம்மாள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இது உங்கள் புத்தகத்தில் இல்லாதது," என்று சொல்லி, எப்படிப் படிக்க வேண்டும் என்று காட்டுவதற்காக முதல் வரியை நிதானமாக உரக்கப் படித்தார்.

"பெரியவர் ஒருவர் மாலை விளக்கு ஏற்றியதும் கூடத்தில் இரண்டு மணை போடுவார்."

"பெரியவர் ஒருவர் மாலை விளக்கு ஏற்றியதும் கூடத்தில் இரண்டு மணை போடுவார்!" என்று முழங்கியது வகுப்பு. நிறுத்தவும் தெரியவில்லை. இரண்டாவது முறையும் முழங்கி முடித்தது.

பசம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

கமலம்மாள் தாளை மடியில் வைத்தார். "ஓஹோ. இதுவரை சொன்னதெல்லாம் இப்படி வந்ததுதானா? இது பாராயணம். நான் பார்க்க வந்தது வாசிப்பு. கிளியும்தான் சொல்லும். வகுப்புத் தலைவி யார்?"

ஸரஸா எழுந்தாள்.

"நீ வந்து மீதியைப் படி. யாரும் கூடச் சொல்லக் கூடாது."

தாள் ஸரஸாவின் கைக்கு வந்தது. கையால் எழுதிய, நெருக்கமான தமிழ் வரிகள். இரண்டாவது வரியின் முதல் எழுத்து 'இ' என்று தெரிந்தது. அடுத்தது 'ர'. அதற்குள் வகுப்பு முழுவதும் அவள் வாயையே பார்க்கத் தொடங்கிவிட்டது. தொண்டை அடைத்ததுபோல் இருமினாள். தலைவலி என்று சொல்லலாம். கண் மங்குகிறது என்று சொல்லலாம். உட்காரச் சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு? தலைவியே வாசிக்காத வகுப்பை யார் நம்புவார்கள்? ஆனால் உண்மையைச் சொன்னாலும் அதே கதிதானே? அப்போது அவள் கண் பஞ்சவர்ணத்தின் மேல் போயிற்று. பஞ்சவர்ணத்தின் பார்வை தாளின் மீது இருந்தது. தெருக்கோடியில் வரும் தண்ணீர் வண்டியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கொண்டு என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அது.

"அம்மா," என்றாள் ஸரஸா. தாளைத் தாழ்த்தினாள். "எனக்குத் தமிழெழுத்து சரியா வராது. எங்காத்துப் புஸ்தகமெல்லாம் கன்னட எழுத்து. இத்தனை நாளும் காதால கேட்டதைத்தான் வாசிக்கற மாதிரி சொல்லிண்டிருந்தேன். டீச்சருக்குக்கூடத் தெரியாது. இது என் தப்பு, வகுப்போட தப்பு இல்லை. பஞ்சவர்ணம் நன்னா வாசிப்பா. அவளை வாசிக்கச் சொல்லுங்கோ."

சொர்ணலதாவின் வாய் திறந்தபடியே நின்றது. கமலம்மாள் ஸரஸாவை ஓரமாக நிற்கச் சொன்னார். பிறகு, "பஞ்சவர்ணம் எவள்?" என்றார்.

பஞ்சவர்ணம் ஓடிவந்து தாளை வாங்கினாள். தன் தெருவில் ஊர்க் கடுதாசி யாருக்கு வந்தாலும் அவள்தான் படித்துச் சொல்லுவாள். எத்தனை கிறுக்கலான கையெழுத்தும் அவளுக்குப் புதிதல்ல.

"இரண்டு இலை போட்டு, இரண்டிலும் தண்ணீர் தெளிப்பார். ஒரு மணையில் உட்கார்ந்து ஒரு இலையில் சாப்பிடுவார். வெளியே வண்டிச் சத்தம் கேட்டாலும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். சாப்பிட்டு முடித்ததும் மற்ற இலையைப் பசுவுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு மணைகளையும் எடுத்துச் சுவரில் சாத்துவார். கூடம் வற்றிய குளம் போலக் கிடக்கும்."

ஓரிடத்திலும் தடுக்கவில்லை. கமலம்மாள் வகுப்பைப் பார்த்தார். "பெரியவர் ஏன் இரண்டு மணை போடுகிறார்?"

"மறதிங்க!" என்றது ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

"விருந்தாளி வருவாங்கன்னு," என்றாள் சொர்ணலதா.

"இல்லீங்க." பஞ்சவர்ணம் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "விருந்தாளிக்குப் போட்டிருந்தா வண்டிச் சத்தத்துக்கு எட்டிப் பாத்திருப்பாரு. நிமுந்துகூடப் பாக்கலயே! அவங்க வரமாட்டாங்கன்னு அவருக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சும் போடறாரு. அவரு சம்சாரம் செத்துப்போச்சுங்க."

சிரித்தவர்கள் தாளை எட்டிப் பார்த்தார்கள்.

"அப்படி இதில் எங்கே எழுதியிருக்கிறது?"

"எழுதலீங்க. ஆனா இருக்குதுங்க. எங்க தெருவுக்கு வர்ற கடுதாசியில, எல்லாரும் சௌக்கியம், மாட்ட வித்தாச்சுன்னு வருமுங்க. மாட்ட வித்தாச்சுன்னா சௌக்கியமில்லைன்னுதானுங்களே அர்த்தம்?"

"குறிப்பு!" ஸரஸா தன்னை மறந்து கத்தினாள். நின்ற இடத்திலேயே துள்ளினாள். "அம்மா, அதுதான் குறிப்பு! நேரே சொல்லாம, சொன்னதுலேர்ந்து உணர்த்தறது! மணையும் இலையும் வண்டிச் சத்தமும்தான் சொன்னது. செத்துப்போனது சொல்லாதது! அப்புறம், வற்றிய குளம் போல, அது உவமை! கூடம் மட்டுமில்லை அம்மா, அவர் மனசும் அப்படித்தான் கிடக்கு!"

"ஆமா புள்ளே!" பஞ்சவர்ணமும் துள்ளினாள். "அதான் அங்க குளத்தக் கொண்டாந்து வெச்சிருக்காங்க! நான் எதுக்குடா குளம்னு பாத்தேன்!"

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் முன்னால் இருப்பதே அவர்களுக்கு ஞாபகமில்லை. வகுப்பு முழுவதும் ஒரே பேச்சு. பசுவுக்கு ஏன் கொடுத்தார் என்று ஒருத்தி கேட்டாள். எடுத்துச் சாத்திவிட்டு மறுநாளும் போடுவாரா என்று இன்னொருத்தி கேட்டாள். போடுவார், 'போடுவார்' என்றுதானே எழுதியிருக்கிறது, 'போட்டார்' என்று இல்லையே என்று மூன்றாமவள் பதில் சொன்னாள். யாரும் யார் சொன்னதையும் திருப்பிச் சொல்லவில்லை. ஒவ்வொருத்தியும் தான் கண்டதைச் சொன்னாள்.

கமலம்மாள் அவர்களைப் பேசவிட்டார். பேச்சு ஓய்ந்த பிறகு சொன்னார்: "ஒருத்திக்கு எழுத்து வரவில்லை, பொருள் சொல்கிறாள். ஒருத்திக்கு எழுத்து வருகிறது, நீங்கள் சொன்னபடி கன்னடம் வரவில்லை. தலைமையாசிரியை அம்மா, டீச்சர் வரும்வரை இந்த வகுப்பை என்ன செய்வது?"

பசம்மா வாய் திறக்குமுன் பஞ்சவர்ணம் முந்திக்கொண்டாள். "அம்மா, எழுத்த நான் இவளுக்குச் சொல்லித்தாரேன். கன்னடத்த இவ எனக்குச் சொல்லித்தரட்டுங்க. எட்டாவதுலயே இருந்துட்டுக் கத்துக்கறேனுங்க. அஞ்சாவதுல போட்டா எங்கத்தை என்னைய நிறுத்திருமுங்க."

"பொய் சொன்னதுக்கு இவளுக்குத் தண்டனை உண்டு," என்றார் கமலம்மாள், ஸரஸாவைப் பார்த்து. "தினமும் ஒரு பக்கம் தமிழ், தானே கூட்டிப் படிக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் சரி. யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது."

"படிக்கறேன் அம்மா."

"நீ," என்று பஞ்சவர்ணத்திடம் திரும்பினார். "தினமும் ஒரு மணி நேரம் எட்டாம் வகுப்புக் கன்னடப் பிரிவில், இவள் பக்கத்திலேயே உட்கார். இந்த வகுப்பு இங்கேயே இருக்கட்டும். ஐந்தாம் வகுப்புப் பேச்சே வேண்டாம்."

பெண்கள் போட்ட சத்தத்தில் தொட்டையன் என்னவோ ஏதோவென்று மணியை விட்டுவிட்டு ஓடிவந்தார். பஞ்சவர்ணம் அழுதுகொண்டே சிரித்தாள். பசம்மா வராந்தா தூணருகில் திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் நினைத்திருந்தால் போன திங்கட்கிழமையே இந்த வகுப்பைக் கலைத்திருக்கலாம்; வெள்ளிக்கிழமைவரை விட்டுவைத்தது அவர்தான். அதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கன்னட வகுப்பில், ஸரஸாவின் பக்கத்தில் கால் மடக்கி உட்கார்ந்து, பஞ்சவர்ணம் முதல் வரியில் விரல் வைத்தாள். ஓர் எழுத்து வந்தது. அடுத்த எழுத்து வரவில்லை. முன்பெஞ்சுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த எழுத்து ஸரஸாவின் நுனி நாக்கில் நின்றது. சொல்லிவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். இப்படிக் காத்திருப்பதும் ஒரு வழிபாடுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

பஞ்சவர்ணம் நெற்றியைச் சுருக்கினாள். விரல் அந்த எழுத்தின் வளைவின் மேல் மெல்ல ஊர்ந்தது. சட்டென்று நிமிர்ந்து, அந்தச் சொல்லை முழுவதாகச் சொன்னாள்.